வயல் மண்ணில் பிரித்தெடுத்த பாக்டீரியா புதிய இனம்தானா?

16எஸ் மரபணு (பாக்டீரியாக்களை அடையாளம் காண ஒப்பிடப்படும் மரபணு) மிக நெருங்கிய அறியப்பட்ட இனத்தோடு 98.2% மட்டுமே ஒத்துப்போகிறது, இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, ஆனால் நல்ல அறிகுறி. 98.7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் புதிய இனமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் தூய்மையைப் பாருங்கள். ஒற்றைக் காலனியை எடுத்து மூன்று முறையாவது புதிய தட்டில் கீறி வளர்க்க வேண்டும். மண் பாக்டீரியாக்கள் பல வேளைகளில் ஒன்றோடொன்று ஒட்டியே வளரும். கலப்பு வளர்ப்பில் படித்த டிஎன்ஏ வரிசை எல்லாவற்றையும் குழப்பிவிடும். 16எஸ் மரபணுவின் ஏறக்குறைய 1,500 காரங்களையும் (டிஎன்ஏ எழுத்துகளையும்) படித்தீர்களா? 500 காரத் துண்டை வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

அடுத்து முழு மரபுத்தொகுதி, அதாவது பாக்டீரியாவின் மொத்த டிஎன்ஏ. மிக நெருங்கிய இனங்களின் மூலத் திரிபுகளோடு (அந்தந்த இனத்துக்கு அடையாளமாக வைக்கப்பட்ட வளர்ப்புகளோடு) ஒப்பிடும்போது சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை (பொதுவான டிஎன்ஏ பகுதிகள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் அளவு) 95 விழுக்காட்டுக்கும், கணினிவழி டிஎன்ஏ கலப்பு மதிப்பு (இரு மரபுத்தொகுதிகளின் ஒட்டுமொத்த நெருக்கத்தைக் கணிக்கும் அளவு) 70 விழுக்காட்டுக்கும் கீழே இருக்க வேண்டும். செல்களின் கொழுப்பு அமில ஆய்வில் உங்கள் திரிபையும் ஒப்பீட்டுத் திரிபையும் ஒரே வளர்ப்பு ஊடகத்தில், ஒரே வெப்பநிலையில் வளர்த்தே அளவிடுங்கள். நிலைமை மாறினால் அமில விகிதமும் மாறும்.

பெயர் செல்லுபடியாக, உயிருள்ள வளர்ப்பை இரு வேறு நாடுகளின் சேகரிப்பு மையங்களில் ஒப்படைத்திருக்க வேண்டும்.