ரோலர் டெர்பி ரெஃப் கேள்வி பதில்: ஹோம் டீம் மேட்ச்ல நியாயமா ஊதறது எப்படி?

ரோலர் டெர்பினா ரெண்டு டீம் ஸ்கேட் போட்டு வட்டமான டிராக்ல மோதற ஆட்டம். அதுல ரெஃப் (நடுவர்) வேலை பத்தி என்ன வேணா கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். நான் பேசறது டபிள்யூஎஃப்டிடிஏ (பெண்கள் தட்டை டிராக் டெர்பி சங்கம்) ரூல்ஸ், தட்டையான டிராக். சாய்வு டிராக்ல ஆடுறவங்க உங்க ரூல் புக்க பாருங்க, என்கிட்ட சண்டைக்கு வராதீங்க.

முதல்முறை பாக்கறேன்: டிராக்ல ஆடுறதே பத்து பேரு, அதுக்கு ஏழு ரெஃபா? எல்லாரும் எல்லாத்தையும் பாப்பாங்களா?

இல்ல, யாருமே எல்லாத்தையும் பாக்க மாட்டாங்க, அதுக்குத்தான் ஏழு பேரு. ஆட்டம் ஜாம்ங்கற குட்டி குட்டி ஆட்டமா நடக்கும், ஒன்னு அதிகபட்சம் 2 நிமிஷம். ஹெல்மெட்ல ஸ்டார் போட்டு பாயிண்ட் எடுக்க ஓடுறவங்க ஜாமர், டீமுக்கு ஒருத்தர், அவங்கள தடுக்கற மத்தவங்க பிளாக்கர். அந்த ஒவ்வொரு ஜாமருக்கும் ஒரு ஜாம் ரெஃப் உள்பக்கமா கூடவே ஸ்கேட் பண்ணுவாரு. அவருக்கு உலகத்துல இருக்கறது அந்த ஒரே ஒரு ஆளுதான். யாரை எல்லாம் தாண்டினாங்க, முதல்ல பேக்க ஒழுங்கா தாண்டி லீட் (ஜாம நடுவுலயே நிறுத்தற உரிமை) வாங்கினாங்களா, அடுத்தடுத்த ரவுண்டுல எத்தனை பாயிண்ட் (எதிரணி பிளாக்கர் ஒருத்தருக்கு ஒன்னு, ரவுண்டுக்கு அதிகபட்சம் 4), இடுப்ப தட்டி ஜாம நிறுத்த சொல்றாங்களா, இவ்வளவுதான் அவரு கணக்கு. இது போக பேக்க பாக்க உள்பக்கம் ரெண்டு பேரு. ரெண்டு டீம் பிளாக்கரும் கலந்து 10 அடிக்குள்ள நெருக்கமா நிக்கற பெரிய கூட்டம்தான் பேக், அது எங்க இருக்கு, ஒடைஞ்சிருச்சான்னு கத்தி சொல்றது இவங்க. வெளிப்பக்கம் மூணு பேரு, பெரிய வட்டத்துல ஓடணும், அதனால ஆள் மாத்தி ஆள் பேக்க வாங்கி வாங்கி தொடருவாங்க. வெளிக்கோட்டுகிட்ட நடக்கற தள்ளுமுள்ளு அவங்களுக்குத்தான் சரியா தெரியும். இந்த ஏழு பேரு போக ஸ்கோர், பெனால்டி பாக்ஸ் (தப்பு பண்ணினவங்க போயி உக்கார்ற இடம்), கடிகாரம்னு ஸ்கேட் போடாத ஆபிசர் ஒரு பட்டாளமே இருக்கு.

புது ரெஃப் எல்லாருக்கும் நான் சொல்றது ஒன்னுதான்: உங்க பங்குக்கு பாக்க வேண்டியத விட்டு கண்ண எடுக்காதீங்க, பாக்காதத ஊதாதீங்க. ஆளு கீழ விழுந்து கிடக்கறத பாத்துட்டு "யாரோ பின்னாடி தள்ளியிருப்பாங்க"ன்னு ஊதினீங்கன்னா அது பெனால்டி இல்ல, யூகம்.

சந்தேகம் சாமி: இது ரெஸ்லிங் மாதிரி முன்னாடியே பேசி வச்சு ஆடுறதுதானே?

இல்ல. 1935-ல சிகாகோல லியோ செல்ட்சர் ஆரம்பிச்ச பழைய ஆட்டத்துல பின்னாடி நாடகம் நிறைய சேந்துச்சு, அது உண்மை. 2000-க்கு அப்புறம் டெக்சாஸ்ல ஆஸ்டின் பொண்ணுங்க திரும்ப கிளப்பின ஆட்டம் வேற, இதுல முடிவு யாருக்கும் தெரியாது.

நாலு வீல்: முழங்கையால இடிச்சா தப்பா?

தப்பு. இடிக்கறதுக்கு தோள், நெஞ்சு, இடுப்பு, முழங்கைக்கு மேல இருக்கற கை, நடுத்தொடைக்கு மேல இருக்கற கால், இத மட்டும்தான் பயன்படுத்தலாம். தலை, முதுகு, நடுத்தொடைக்கு கீழ, இந்த இடத்துல இடி வாங்க வைக்கக்கூடாது. ஆனா லேசா தொட்டதுக்கெல்லாம் விசில் கிடையாது, அதனால எதிராளி விழணும், வெளிய போகணும், இல்ல அவங்க இடம் பறிபோகணும், ஏதாவது விளைவு இருக்கணும். முன்னாடி சின்ன தப்புக்குன்னு மைனர் பெனால்டி தனியா எண்ணிட்டு இருந்தாங்க, 2013-ல அத தூக்கிட்டாங்க, நல்லதுதான்.

வெளியூர் பெஞ்ச் கோச்: நாங்க விசிட்டிங் டீம். அங்க இருந்த ஏழு ரெஃப்ல அஞ்சு பேரு ஹோம் லீக் ஆளுங்க, அவங்க கூடவே வாராவாரம் பிராக்டிஸ் பண்றவங்க. எங்களுக்கு பெனால்டி அவங்கள விட ரெண்டு மடங்கு. இது நியாயமா?

பெனால்டி எண்ணிக்கைய வச்சு ஒன்னும் சொல்ல முடியாதுங்க கோச். பின்தங்கின டீம் அவசரப்படும், அவசரப்பட்டா கட் போகும் (வெளிய போயிட்டு குறுக்க உள்ள நுழையற தப்பு), பின்னாடி இடிக்கும், எண்ணிக்கை ஏறும். ரெண்டு டீமும் சமமா தப்பு பண்ணனும்னு சட்டம் இல்லயே.

ஹோம் ரெஃப்னா ஹோம் டீமுக்கு சாதகம்னு எல்லாரும் நெனக்கறாங்க, கூடவே ஸ்கேட் பண்றவங்களுக்கு நடக்கறது பல நேரம் தலைகீழ். எந்த பிளாக்கருக்கு கைய தூக்கற பழக்கம், யாரு தடுமாறினா காலை நீட்டுவாங்க, எல்லாம் அவங்களுக்கு மனப்பாடம். ஜாம் ஆரம்பிச்ச உடனே கண்ணு அங்கதான் போகும், பழக்கமான தப்பு சட்டுனு பிடிபடும், விசிட்டிங் டீம் பண்ற அதே தப்பு கூட்டத்துல கரைஞ்சு போயிரும். போதாக்குறைக்கு "நம்ம ஆளுங்கள விட்டேன்னு பேரு வரக்கூடாது"ன்னு இன்னும் இறுக்கமா ஊதறவங்களும் உண்டு.

இதுக்கு வழி: ரெஃப கலந்து போடுங்க. பேக் பாக்கற ரெண்டு பேரும் ஒரே லீக்கா இருக்க வேணாம், ஹெட் ரெஃப் மூணாவது இடத்துல இருந்து வந்தா ரொம்ப நல்லது. ஜாம் ரெஃப் ரெண்டு பேரும் ஹாஃப்டைம்ல டீம் மாறிக்கணும். அப்புறம் நிறம், நம்பர், குற்றம், இந்த வரிசைல மட்டும் சொல்லணும். ஹோம் ரெஃப் யாராவது பெனால்டி குடுக்கறப்போ ஆளோட பேர வாய்தவறி கூப்பிட்டாருன்னா, அவரு பாக்கறது சட்டைய இல்ல, தெரிஞ்ச ஆளைன்னு அர்த்தம்.

வெளியூர் பெஞ்ச் கோச்: எல்லாம் சரி, ஊதினத பத்தியே பேசறீங்க. நான் கேக்கறது ஊதாம விட்டத! எங்க ஜாமர் முதுகுல மூணு தடவ இடி, ஒரு விசில் இல்ல. "பாக்காதத ஊதாதே"ன்னு நீங்க சொல்றது உங்களுக்கு நல்ல சாக்கு.

வெளிவட்ட ரெஃப்: குறுக்க வர்றேன், மன்னிக்கணும். கோச் சொல்றதுல பாயிண்ட் இருக்கு. ஹோம் கூட்டம் கத்தறப்போ கை விசிலுக்கு போக ஒரு கணம் தயங்கும், நானே உணர்ந்திருக்கேன்.

சரி, இது பேச வேண்டிய விஷயம்தான். ஃபுட்பால்ல 2002-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 40 ரெஃப்களுக்கு ஒரே மேட்ச்சோட டாக்கிள்கள வீடியோல போட்டு காட்டினாங்க, கொஞ்ச பேருக்கு கூட்டத்தோட சத்தத்தோட, மீதி பேருக்கு சத்தமில்லாம. சத்தம் கேட்டவங்க ஹோம் டீம் மேல குடுத்த ஃபவுல் கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைவு. விசிட்டிங் டீம போட்டு அடிக்கல, ஹோம் டீம் பண்ணினத விட்டுட்டாங்க, அவ்வளவுதான். அதாவது பாரபட்சம் இருந்தா அது தயக்கத்துலதான் ஒளிஞ்சிருக்கும், கோச் சொல்ற இடத்துலதான்.

அதனால பாக்காதத ஊதாதீங்கன்னு நான் சொல்றது பாதி. பாத்தத முழுங்காதீங்கங்கறதும் சேந்ததுதான். ஆனா டெர்பில ஒரு வசதி இருக்கு, ஏழு பேரு ஏழு கோணத்துல நிக்கறாங்க, ஒருத்தர் தயங்கினா இன்னொருத்தர் ஊதலாம்.

வெளியூர் பெஞ்ச் கோச்: ஏழு பேரும் அதே கூட்டத்தோட சத்தத்துலதானே நிக்கறாங்க?

ஆமா. அதுக்குத்தான் வெளியூர் ரெஃப கூட்டிட்டு வாங்கன்னு சொல்றேன். உங்க லீக்ல இருந்து எத்தனை பேர அனுப்பினீங்க?

வெளியூர் பெஞ்ச் கோச்: எங்ககிட்ட இருக்கறதே ரெண்டு பேரு.

நான் என்ன சொல்ல. ரெஃப வளக்காத லீக், வளத்த லீக்க குறை சொல்றது எனக்கு எப்பவுமே பிடிக்காது. அடுத்த கேள்வி.

கட்டுப்படி: கட்னா என்ன? சும்மா வெளிய போயிட்டு உள்ள வந்ததுக்கு எங்க ஆளுக்கு பெனால்டி குடுத்துட்டாங்க.

வெளிய போனதுக்கு இல்ல, உள்ள வந்த இடத்துக்கு. வெளிய போறப்போ யாரு முன்னாடி இருந்தாங்களோ அவங்களுக்கு பின்னாடிதான் திரும்ப வரணும். எதிராளி ஒருத்தர தாண்டி முன்னாடி நுழைஞ்சாலும், சொந்த டீம்ல ரெண்டு பேருக்கு முன்னாடி நுழைஞ்சாலும் கட். நுழைஞ்ச உடனே தப்ப உணர்ந்து திரும்ப வெளிய போயிட்டா தப்பிக்கலாம். தள்ளினவங்களே கீழ விழுந்துட்டாங்க, இல்ல வெளிய போயிட்டாங்கன்னா அவங்க பின்னாடி வரணும்ங்கற கட்டாயம் இல்ல.

நாலு வீல்: தள்ளின பிளாக்கர் வேணும்னே பின்னாடி பின்னாடி போயி எங்க ஜாமர இருபது அடி இழுத்துட்டு போனா? ஏமாத்து வேல இல்லயா?

இல்ல, அது நல்ல ஆட்டம். பின்னோக்கி நகரலாம், ஆனா அப்படி நகர்ந்துகிட்டே இடிக்கக்கூடாது. பேக்குக்கு பின்னாடி 20 அடிக்கு மேல போனா ஆட்டத்துக்கு வெளியன்னு கத்துவோம். உங்க ஜாமர் எரிச்சல்ல குறுக்க நுழையணும்னுதான் அவங்க எதிர்பாக்கறாங்க, நுழையாதீங்க.

ஸ்டார் ஆசை: முழங்கை வச்சு லேசா தள்ளினா பரவாயில்லயா?

மேல பாருங்க.

கேப்டன் பொறுப்பு: ஆபிஷியல் ரிவ்யூ எப்போ கேக்கலாம்? வீடியோ காட்டலாமா?

வீடியோ கிடையாது, போன மடக்கி உள்ள வைங்க. ஒவ்வொரு பாதிக்கும் ஒன்னு. கேப்டனோ மாற்று கேப்டனோ மட்டும்தான் கேக்கணும், இப்ப முடிஞ்ச ஜாம பத்தியும் அதுக்கு முன்னாடி ரெண்டு டீமும் டிராக்ல வந்து வரிசையா நின்ன நேரத்த பத்தியும் மட்டும்தான். ரெஃப் பக்கம் தப்புன்னு தெரிஞ்சா அந்த ரிவ்யூ உங்களுக்கே திரும்ப கிடைக்கும், ஒரு பாதில ஒரு தடவதான். "எங்களுக்கு அநியாயம் நடக்குது"ன்னு வந்து நின்னா ஹெட் ரெஃப் என்ன பண்ணுவாரு பாவம்? எந்த நம்பர், எந்த இடம், எந்த குற்றம், யாரு மேல என்ன விளைவு, நாலையும் ரெண்டு வரில சொல்லுங்க. அவரு மத்த ஆறு பேருகிட்ட போயி "நீ என்ன பாத்த"ன்னு தனித்தனியா கேப்பாரு. யாரும் பாக்கலன்னா நடந்தது நடந்ததுதான், பாக்காதத ரிவ்யூலயும் ஊத முடியாது. கோச், நீங்க சொன்ன மூணு இடில ஒன்னுக்காவது கேப்டன விட்டு ரிவ்யூ கேட்டீங்களா?

வெளியூர் பெஞ்ச் கோச்: கடைசி நிமிஷத்துக்கு வச்சிருந்தோம்.

வச்சிருந்து பயன்படாம போயிருக்கும். முதல் பாதியோடது ரெண்டாவது பாதிக்கு சேராது.

முட்டிவலி: வெளிவட்டத்துல ஓடி முட்டி வீங்குது, என்ன தடவலாம்?

டாக்டர பாருங்க. அதுவரைக்கும் உள்பக்கம் ஓடுங்க.

கணக்குப் பிள்ளை: ரெண்டு ஜாமரும் ஒரே நேரத்துல பெனால்டி பாக்ஸ்ல இருந்தா?

ரெண்டாவது ஜாமர் வந்து உக்காந்த உடனே முதல் ஆள விட்டுருவாங்க, முதல் ஆளு எவ்வளவு நேரம் உக்காந்தாங்களோ ரெண்டாவது ஆளுக்கும் அவ்வளவுதான். சாதாரணமா 30 செகண்டு. ஒரே ஆளுக்கு ஏழு பெனால்டி ஆச்சுன்னா மேட்ச்ச விட்டே வெளிய.

ஸ்கேட் வராதவன்: ஸ்கேட்டிங் சுத்தமா வராது, ஆனா ரெஃப் ஆகணும். வழி இருக்கா?

ஸ்கேட் போடாத ஆபிசர் வேலைக்கு வாங்க, இல்லாட்டி மேட்ச்சே நடக்காது. முதல்ல பெனால்டி பாக்ஸ்ல டைமர் பிடிங்க, ரூல்ஸ் தானா ஏறும். அப்புறம் ஜாம் டைமர். ஒரு சின்ன விசில் ஆரம்பம், ரெண்டு வேகமா ஊதினா லீட், நீளமா ஒன்னு பெனால்டி, நாலு வேகமா ஊதினா ஜாம் முடிஞ்சது, இத காதுல ஏத்திக்கோங்க.

ஸ்டார் ஆசை: ஸ்கோர் சமமா முடிஞ்சா டாஸா?

ஓவர்டைம் ஜாம். முழு 2 நிமிஷம் ஓடும், லீட் கிடையாது, முதல் ரவுண்டுலயே பாயிண்ட்.

புது வரவு: முழங்கையால...

மேல. நாலாவது பதில்... இல்ல, மூணாவது.

வெளியூர் பெஞ்ச் கோச்: அடுத்த மேட்ச்சுக்கு எங்க ரெண்டு ரெஃபையும் கூட்டிட்டு வர்றோம். எங்க நிறுத்தணும்?

ஒருத்தர உள்பக்கம் பேக்குல, பின்பக்க இடி தெரியற இடத்துல. இன்னொருத்தர வெளிவட்டத்துல. ஜாம் ரெஃப் வேணாம், உங்க ஜாமர உங்க ஆளே எண்ணினா ஹோம் கோச் இங்க வந்து உங்கள மாதிரியே கேள்வி கேப்பாரு.