தராசைச் சோதிப்பதும் வேலைதான் ஐயா

கோத்தகிரியிலிருந்து எழுதிய ஐயாவுக்கு வணக்கம்.

"டாக்டருக்குப் படி என்றால், உணவுக்குழாய்க்குள் விடுகிற சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கப் போகிறேன் என்கிறாள். அதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பச்சை இலை எடை போடும் தராசில் முத்திரை இல்லாவிட்டால் நீங்கள் சும்மா விடுவீர்களா? மகள் கேட்பதும் அதே வேலைதான், தராசுதான் வேறு.

மூக்கு வழியாகப் போகும் அந்தக் குழாய் பென்சிலைவிட மெல்லியது. அதில் சென்டிமீட்டருக்கு ஒன்றாக அழுத்தத்தை அளக்கும் 36 சென்சார்கள்கூட இருக்கும். விழுங்கும்போது உணவுக்குழாயின் அடியில் உள்ள சுருக்குத் தசை தளர்கிறதா என்று பார்ப்பார்கள். பரவலாக உள்ள ஒரு வகைக் கருவியில், படுத்த நிலையில் விழுங்கும்போது அந்தத் தசையில் மிச்சமிருக்கும் அழுத்தத்துக்கு 15 மி.மீ. பாதரசம்தான் எல்லை; அதைத் தாண்டினால் சரியாகத் தளரவில்லை என்று அர்த்தம். சென்சார் 5 கூட்டிக் காட்டினால் நல்லா இருக்கிறவரும் நோயாளி ஆகிவிடுவார்.

சோதிப்பது எப்படி? உயரமான கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி சென்சாரை இறக்குவார்கள். 34 செ.மீ. ஆழத்தில் 25 மி.மீ. பாதரசம், 68-ல் 50 காட்ட வேண்டும். இறக்கும்போது ஒன்று, ஏற்றும்போது வேறொன்று காட்டினால் அதையும் குறிக்க வேண்டும். அப்புறம் 37 டிகிரி வெந்நீரில் போட்டுக் காத்திருக்க வேண்டும். உடல் சூட்டில் சில சென்சார்களின் அளவு மெல்ல நகரும்.

உங்கள் மலைக்கென்று ஒரு சங்கதியும் உண்டு. கடல்மட்டத்தில் 760 இருக்கும் காற்றழுத்தம், 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் ஏறக்குறைய 580தான். குக்கர் இல்லாமல் பருப்பு வேக மறுப்பது இதனால்தான். காற்றழுத்தத்தையும் சேர்த்து அளக்கும் சென்சாருக்குக் கோவையில் பூஜ்ஜியம் வைத்து அப்படியே மேலே கொண்டுவந்தால், நூற்றுக்கும் மேல் குறைத்துக் காட்டும்.

படிப்புக்கு வருவோம். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் இருக்கிறதல்லவா, போதும். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் அல்லது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் எடுக்கலாம். என்னைக் கேட்டால் இரண்டாவது. ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் தொழிற்சாலை, அளவுத்திருத்த ஆய்வகம் என்று கதவுகள் அதிகம். கட்-ஆஃப் 200-ல் கணிதத்துக்கே 100, அதைக் கோட்டைவிட வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டை மறக்காதீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: உணவுக்குழாய் சென்சாரை மட்டும் சோதிக்கும் வேலை எண்ணிக்கையில் குறைவு. பி.பி. மானிட்டர், வென்டிலேட்டர் என்று எல்லாமே அவள் கைக்கு வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசில் நூறு நூறு மில்லியாக ஒரு லிட்டர் வரை தண்ணீர் ஊற்றி, பிறகு அதே கணக்கில் எடுத்து, ஒவ்வொரு அளவையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பத்துத் தடவை. மூன்றாவதிலேயே அலுத்துக்கொண்டால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், வேறு பார்ப்போம்.