அண்ணனுக்குக் கேட்ட ஹெபடைடிஸ் பி மாத்திரை தம்பிக்கு ஏன் கேட்கவில்லை?

காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவிடமிருந்து உங்கள் இருவருக்கும் ஒரே வைரஸ்தான் வந்தது, இருவரும் லாமிவுடின்தான் சாப்பிட்டீர்கள், அண்ணனுக்குக் கேட்ட மருந்து உங்களுக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்று. குடியாத்தத்தில் எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. நான் மருத்துவன் அல்லன். இந்த நோயோடு பல ஆண்டுகளாக இருப்பவன்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று வீட்டில் யாராவது உங்களைக் குறை சொன்னால், அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஒரு வேளையும் தவறாதவர்களிடமும் இது நடக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் ஆர்என்ஏ-விலிருந்து டிஎன்ஏ-வை எழுதித்தான் பெருகுகிறது. எழுதுகிற பாலிமரேஸ் புரதத்துக்கோ எழுதியதைத் திரும்பப் பார்த்துத் திருத்தும் திறன் கிடையாது. மரபுச்செய்தி மொத்தமும் சுமார் 3,200 எழுத்துகள்தான், ஆனால் நாள்தோறும் கோடிக்கணக்கான நகல்கள் உருவாகின்றன. ஆகவே அம்மாவிடமிருந்து வந்தது ஒன்றே என்றாலும், இருபது முப்பது ஆண்டுகளில் அது ஒவ்வொருவர் கல்லீரலிலும் வெவ்வேறு கூட்டமாகிவிடுகிறது.

மூன்றாம் ஆண்டில் எனக்கு வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, மறுபடி ஏறியபோது எடுத்த பரிசோதனையில், ‘எம்204ஐ’ என்று ஒற்றை வரி இருந்தது. மருத்துவர் மருந்துச் சீட்டைத் திருப்பி, பால்பாயிண்ட் பேனாவால் ஒரு குழி வரைந்து காட்டினார். பாலிமரேஸின் 204-ஆம் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருந்தால் லாமிவுடின் அந்தக் குழியில் போய் உட்காரும். அதற்குப் பதில் ஐசோலூசினோ வாலினோ வந்துவிட்டால் உட்கார இடமில்லை. மருந்து இந்த மாற்றத்தை உண்டாக்குவதில்லை; மற்றவற்றை அடக்கிவிடுவதால் மாறியது தலையெடுக்கிறது. லாமிவுடினை மட்டும் ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டவர்களில் சுமார் 70 சதவீதம் பேரிடம் இது தோன்றியிருக்கிறது. தொடக்கத்திலேயே வைரல் லோடு மிகுதியாக இருந்தால் வாய்ப்பும் மிகுதி. எனக்கு அண்ணனைவிட மிக அதிகமாக இருந்தது.

இந்த வைரஸில் அதே எழுத்துகளை ஒரு விதமாகப் படித்தால் பாலிமரேஸ், இன்னொரு விதமாகப் படித்தால் மேலுறைப் புரதம். ஒன்றில் நேரும் மாற்றம் மற்றதையும் மாற்றக்கூடும். நாங்கள் லுங்கி நெய்கிறவர்கள். பாவில் ஓர் இழை நிறம் மாறினால் அந்தக் கட்டம் நெடுகிலும் மாறிவருவதைப் பார்த்திருப்பதால் இது எனக்கு எளிதில் புரிந்தது.

எனக்கு டெனோஃபோவிர் என்ற வேறொரு மருந்து கேட்டது. 204-ஆம் இடத்து மாற்றம் அதைத் தடுப்பதில்லை. என்டகாவிர் என்ற இன்னொரு மருந்து அப்படியல்ல: புதிதாகச் சிகிச்சை தொடங்குபவர்களிடம் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு சதவீதம் பேருக்கே அது கேட்காமல் போகிறது, லாமிவுடினுக்கு ஏற்கெனவே பழகிய வைரஸ் உள்ளவர்களிலோ ஏறத்தாழ பாதிப்பேருக்கு. எனவே புதிய மருத்துவரிடம் போகும்போது பழைய சீட்டுகள் அத்தனையையும் கையோடு கொண்டு போங்கள்.

இ ஆன்டிஜென் என்பது இந்த வைரஸ் செய்யும் ஒரு புரதம். பரிசோதனைச் சீட்டில் ‘இ ஆன்டிஜென் நெகட்டிவ்’ என்ற வரியைக் கண்டு நோய் போய்விட்டதாக எண்ண வேண்டாம். நம் நாட்டில் பரவலாக உள்ள, ஹெபடைடிஸ் பி வைரஸின் ‘டி’ மரபுவகை, ஓர் எழுத்து மாறியதால் அந்தப் புரதத்தைச் செய்யாமலே தொடர்ந்து பெருகக்கூடியது. வைரல் லோடைத்தான் பார்க்க வேண்டும்.

என் ரத்தத்தில் இப்போது வைரஸ் தென்படுவதில்லை. இருந்தும், கல்லீரல் செல்லின் உட்கருவில் வளையமாகச் சுருண்டு கிடக்கும் அதன் டிஎன்ஏ-வை இந்த மாத்திரை அழிப்பதில்லை என்பதால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று இன்றும் போட்டுக்கொள்கிறேன்.