அணை உடையுமா என்று கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

குமுளிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் ஏலத்தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் பாதிக்குப் பாதி. 'எதையும் கேள்வி கேளுங்கள்' என்று சொல்லிவந்தேன். இப்போது தடுப்பூசி ஏமாற்று, நிலாவுக்குப் போனது பொய் என்று வந்து நிற்கிறார்கள். அதட்டினால் 'நீங்கள்தானே மிஸ் சொன்னீர்கள்' என்கிறார்கள். கேள்வி கேட்கப் பழக்குவதே ஆபத்தோ? இதற்கு மார்க் போடுவதுதான் எப்படி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

பிள்ளைகள் இன்னும் கேள்வி கேட்கவே ஆரம்பிக்கவில்லை. ஒரு வாட்ஸ்அப் செய்தியை விட்டுவிட்டு இன்னொன்றை நம்புகிறார்கள், அவ்வளவுதான். 'தடுப்பூசி ஏமாற்று' என்பவனிடம் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள், முழிப்பான். சந்தேகத்தை அடுத்தவன் மேல் ஏவுவது சுலபம். தன் கட்சி மேல் ஏவப் பழக்க வேண்டும்.

அதற்கு முல்லைப் பெரியாறு பக்கத்திலேயே இருக்கிறது. 'அணை உடையுமா?' என்று கேளுங்கள், வகுப்பு இரண்டாகிவிடும். மலையாளப் பையன், '1895-இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) வைத்துக் கட்டியது, எத்தனை நாள் தாங்கும்?' என்பான். தமிழ்ப் பெண், 'சுப்ரீம் கோர்ட்டே 142 அடி தேக்கலாம் என்றுவிட்டதே' என்பாள். இரண்டும் நிஜம்தான். ஆனால் இருவரும் சொல்வது அவரவர் வீட்டு முடிவு.

அந்தப் பெண்ணிடமே தொடங்குங்கள். கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? நீதிபதிகள் அணையில் ஏறித் தட்டிப் பார்க்கவில்லை. 2014 தீர்ப்பு, முன்னாள் தலைமை நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு 2012-இல் கொடுத்த அறிக்கையை ஊன்றி நிற்கிறது. குழுவுக்கு எப்படித் தெரியும்? நிபுணர்களின் ஆய்வுகளிலிருந்து. கேரளமும் வெறுங்கையோடு வரவில்லை. ரூர்க்கி, தில்லி ஐஐடிகளின் அறிக்கைகளைக் கொண்டுவந்தது. அவை ஏன் எடுபடவில்லை? தீர்ப்பை எடுத்துப் படிக்கட்டும். 2014-இல் சொன்னது இன்றைக்கும் செல்லும் என்று எதை வைத்துச் சொல்கிறாள்? அணையில் கசியும் நீரை அளக்கிறார்களே, அளப்பது யார், சரிபார்ப்பது யார்?

பையனையும் விடக்கூடாது. 1979-க்குப் பிறகு அணைக்கு மேலே கான்கிரீட் மூடி, உள்ளே இரும்பு வடங்களால் நங்கூரம், பின்னால் கான்கிரீட் தாங்கல் எல்லாம் வந்தாயிற்று. அவன் பயப்படுகிற சுர்க்கி அணையும் இன்று நிற்கிற அணையும் ஒன்றா? இரண்டு பேருக்கும் கொஞ்சம் கோபம் வரும். வரட்டும்.

அப்புறம் பென்னிகுயிக். கம்பம் பக்கம் அவர் படம் தொங்கும் வீடுகள் உண்டு. சொத்தை விற்று அணை கட்டினார் என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். (எனக்கும் அவர் மேல் பெரிய மரியாதைதான்.) ஒரு காகிதம் காட்டு என்றால், தாத்தா சொன்னார் என்பார்கள். காப்பியத்தில் மணிமேகலை வஞ்சி நகரில் அளவைவாதியிடம் கேட்ட பத்து அளவைகளில், அதாவது ஒன்றை அறியும் வழிகளில், காட்சி (கண்டறிவது), கருதல் (ஊகித்தறிவது) இவற்றோடு ஐதிகமும் ஒன்று: ஊர் சொல்வதால் இந்த மரத்தில் தெய்வம் உண்டு என்று தெளிவது. அளவைவாதி அதைப் பொய் என்று தள்ளவில்லை, தனி வழியாக எண்ணி வைத்தார். உங்கள் பிள்ளைகளும் அப்படிப் பிரித்து எழுதினால் போதும். யாரும் தாத்தாவைப் பொய்யர் ஆக்க வேண்டாம்.

மார்க் விஷயம். உடையும், உடையாது என்ற முடிவுக்கு மார்க் வேண்டாம். யார் சொல்லி, அவருக்கு யார் சொல்லி என்று எவ்வளவு தூரம் பின்னால் போனார்கள் என்பதற்குப் போடுங்கள். 'இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை' என்று சரியான இடத்தில் நின்றவருக்கு முழு மார்க். பல்கலைக்கழகத் தேர்வில் இது நடக்காது. இன்டர்னல் மார்க் உங்கள் கையில்தானே இருக்கிறது?