வாசகர் கேள்வி – பதில்: பத்துக்குப் பிறகு எந்தப் பள்ளி?

கேள்வி: அந்தியூரை அடுத்த மலையடிவார ஊரில், அரசு உயர்நிலைப் பள்ளியில் என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்து நாமக்கல் பக்கம் தனியார் விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். உயர்நிலைப் பள்ளி பத்தோடு முடிவதால் இடம் மாறத்தான் வேண்டும். ஆனால், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென 2020-இல் வந்த 7.5 விழுக்காடு மருத்துவ உள் ஒதுக்கீடும், கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், கடைசி இரண்டு ஆண்டுகளைத் தனியாரில் கழித்தால் கைநழுவிப் போகும். (கோழிப்பண்ணைக்கும் விடுதிப் பள்ளிக்கும் பேர்போன நாமக்கல்லின் மீது எனக்கு வருத்தமேதுமில்லை.) அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் அவள் விரும்பும் பாடப்பிரிவு உண்டா என்று முதலில் விசாரியுங்கள்; மாலைப் பேருந்து உங்கள் ஊர்வரை வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.