பழைய விண்டோ ஏசியைக் கழிக்கிறதுக்கு முன்னாடி: கேள்வி பதில்

ஏசி, ஃப்ரிட்ஜ் சர்வீஸ்தான் என் தொழில். பழைய விண்டோ ஏசியை என்ன செய்யறதுன்னு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்றேன்.

சுமதி, தாம்பரம்: 2009-ல வாங்கின ஒன்றரை டன் விண்டோ ஏசி. கூலிங் சுத்தமா இல்லை. காயலான் கடைக்காரர் எடுத்துக்கறேன்னு சொல்றார். குடுத்துடலாமா சார்?

இப்போ குடுக்காதீங்க மேடம். முதல்ல அதுக்குள்ள இருக்கிற கேஸை எடுக்கணும். அந்தக் காலத்து விண்டோ ஏசியில பெரும்பாலும் ஆர்-22தான். ஏசி உடம்புல ஒட்டியிருக்கிற தகட்டுல கேஸ் பேரும் எத்தனை கிராம்னும் போட்டிருக்கும், ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. இது ஓசோன் படலத்தை அரிக்கிற கேஸ். அது மட்டுமில்ல, நூறு வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 1,800 மடங்கு வெப்பத்தைப் பிடிச்சு வைக்கும். 700 கிராம் வெளியே போனா ஒன்னேகால் டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 500 லிட்டருக்கு மேல பெட்ரோல் எரிச்ச கணக்கு அது.

கடையில நடக்கிறது என்னன்னா, காப்பருக்காகப் பைப்பை ஹேக்சா வச்சு அறுப்பாங்க. 'புஸ்'ஸுன்னு ஒரு சத்தம், கொஞ்சம் எண்ணெய் தெறிக்கும், அவ்வளவுதான். மொத்த கேஸும் போச்சு.

சரியான முறை வேற. கம்ப்ரெசர் பக்கத்துல நுனியை நசுக்கிப் பத்தவச்ச ஒரு சின்ன காப்பர் ட்யூப் இருக்கும். அதுல துளைபோடற வால்வை மாட்டி, ஹோஸ் வழியா ரிக்கவரி மெஷினுக்கு இழுத்து, அங்கிருந்து சிலிண்டர்ல ஏத்தணும். சிலிண்டர் தராசு மேல நிக்கணும், 80 சதவீதத்துக்கு மேல நிரப்பக்கூடாது. பிரஷர் கேஜ் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்னா வேலை முடிஞ்சது. கூப்பிடும்போதே 'ரிக்கவரி மெஷின் இருக்கா, எத்தனை கிராம் எடுத்தீங்கன்னு எழுதித் தருவீங்களா'ன்னு கேளுங்க. தயங்கினா வேற ஆளைப் பாருங்க.

பிரகாஷ், கோவை: கூலிங் இல்லைன்னாலே கேஸ் போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை. கப்பாசிட்டர் போயிருக்கலாம், ஃபேன் மோட்டார் போயிருக்கலாம், கம்ப்ரெசர் ஜாம் ஆகியிருக்கலாம். கேஸ் அப்படியே இருக்கும். லீக் ஆகியிருந்தாலும் பாதி மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. கேஜ் வச்சுப் பார்க்காம யாரும் சொல்ல முடியாது.

ஃபாத்திமா, வேலூர்: பம்ப் டவுன் பண்ணிட்டா போதும்னு எங்க மெக்கானிக் சொன்னார்.

பம்ப் டவுன்னா கம்ப்ரெசரை ஓட்டியே கேஸை ஒரு பக்கத்துல அடைச்சு வால்வை மூடறது. விண்டோ ஏசியில அது கிடையாதுங்க, சர்வீஸ் வால்வு இருக்காது. ஸ்ப்ளிட்டுல பண்ணலாம். ஆனா அது இடம் மாத்தறதுக்கான வழி. கேஸ் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கும். அந்த யூனிட்டைக் கடையில போட்டா அறுக்கிறவர் அதையும் அறுப்பார்.

நடராஜன், திருச்சி: நான் பழைய இரும்பு வியாபாரம் பண்றேன். எங்களைக் குத்தவாளி மாதிரி பேசறீங்க. ஒரு ஏசியில எங்களுக்கு நிக்கிறதே கொஞ்சம், இதுல மெஷினுக்கு எங்கே போறது? சர்வீஸுக்கு வர்ற மெக்கானிக்குங்கதான் தினமும் கேஸைக் காத்துல விடறாங்க.

அண்ணே, நீங்க கடைசியா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. லீக்கைத் தேடாம மிச்ச கேஸைத் திறந்து விட்டுட்டு புதுசா ஏத்தறவங்க எங்க தொழில்ல நிறைய பேர். நாலு மாசத்துல அதுவும் லீக் ஆகும், திரும்ப ஏத்துவாங்க. அது தப்பு, கஸ்டமரையும் ஏமாத்தற வேலை. மெஷின் செலவை உங்க தலையில கட்டறதும் நியாயமில்ல. அதனாலதான் வீட்டுக்காரங்களையே முதல்ல கேஸை எடுக்கச் சொல்றேன்.

ரமேஷ், சென்னை: ஒரு வீட்டு ஏசி கேஸுக்கு இவ்வளவு பேச்சா? ஃபாக்டரிங்க விடறதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க.

ஃபாக்டரிங்களையும்தான் நிறுத்தினாங்க சார். ஓசோனைக் காப்பாத்தற 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் அதுக்குத்தான், இந்தியா 1992-ல சேர்ந்துச்சு. ஓசோனை இன்னும் அதிகமா அரிச்ச சிஎஃப்சிங்கிற பழைய கேஸ் வகை ஒழிஞ்சது. இப்போ ஆர்-22 வகையை 2030-க்குள்ள, சர்வீஸுக்குக் கொஞ்சம் தவிர, நிறுத்தணும்னு கெடு. புதுசா தயாரிக்கிறது குறையுது. ஆனா நம்ம ஜன்னல்கள்ல தொங்கறது ஏற்கெனவே தயாரிச்சது. அதை எந்த ஃபாக்டரியும் வந்து பிடிக்காது, கழட்டற அன்னிக்கு நாமதான் பிடிக்கணும்.

நடராஜன், திருச்சி: சரி, கேஸ் எடுத்த ஏசின்னா நான் வாங்கலாமா?

வாங்கிச் சேர்த்து, பதிவுபெற்ற ரீசைக்கிளருக்கு முழுசாவே குடுங்க அண்ணே. 2022 மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு, ஏசியும் அந்தப் பட்டியல்ல இருக்கு. பதிவு இல்லாம பிரிக்கக்கூடாது. இன்னொன்னு, உங்க பசங்க நல்லதுக்குச் சொல்றேன். கேஸ் உள்ளே இருக்கும்போது வெல்டிங் டார்ச் வச்சு ஜாயிண்ட் பிரிக்க விடாதீங்க. ஆர்-22 நெருப்புல பட்டா பாஸ்ஜீன்னு விஷ வாயு வரும், நுரையீரலைப் பதம் பார்த்துடும். வயர் மேல இருக்கிற பிளாஸ்டிக்கைக் கொளுத்தறதும் வேண்டாம்.

எடுத்த கேஸுக்கும் மதிப்பு உண்டு. வேற கேஸ் கலக்காம இருந்தா சுத்தம் பண்ணிப் பழைய ஆர்-22 மெஷினுக்கே போடலாம். கலந்துட்டா வீண். உங்க ஊர்லயே மெஷின் வச்சிருக்கிற மெக்கானிக் ஒருத்தரோட கூட்டு வச்சுக்குங்க. கேஸ் அவருக்கு, ரீசைக்கிளர்கிட்ட வர்ற காசு உங்களுக்கு. ரெண்டு பேருக்கும் கட்டுபடியாகும்.

லதா, மதுரை: எக்ஸ்சேஞ்ச்ல குடுத்தா?

குடுக்கலாம். கடைக்காரர் அதை எந்த ரீசைக்கிளருக்கு அனுப்பறார்னு கேளுங்க. பதில் வரலைன்னா புது ஏசி கம்பெனியோட கஸ்டமர் கேர்ல கேளுங்க. பழைய சாமான் மறுசுழற்சி ஆகறதுக்கான பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. ரீசைக்கிளர் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட இணையதளத்துல இருக்கு.

அருண், சேலம்: புது ஏசியில வர்ற ஆர்-32 கேஸை ஏத்தி பழைய ஏசியையே ஓட்டலாமா?

கூடாது. பிரஷர் அதிகம், தீப்பிடிக்கிற தன்மையும் உண்டு, பழைய எண்ணெயோடயும் சேராது.

கீதா, ஈரோடு: நானும் என் தம்பியும் சேர்ந்தே கழட்டிடலாமா? ரெண்டாவது மாடி.

50 கிலோவுக்குக் குறையாதும்மா, ஆளைக் கூப்பிடுங்க. பிளக்கைப் பிடுங்கணும், கப்பாசிட்டரைத் தொடக்கூடாது, கரண்ட் எடுத்த பிறகும் ஷாக் அடிக்கும். முன்பக்க பிளாஸ்டிக்கைப் பிடிச்சு இழுக்க வேண்டாம். பைப் வளைஞ்சு ஒடிஞ்சா கேஸ் அங்கேயே போயிடும்.

மணி, கடலூர்: பழைய ஃப்ரிட்ஜும் இப்படித்தானா?

கேஸ் எடுக்கணும், ஆனா ஃப்ரிட்ஜ் தனி விஷயம். சுவர் நுரைக்குள்ளயும் வாயு இருக்கும். ஒன்னு மட்டும் இன்னிக்கே செய்யுங்க, கதவைக் கழட்டி வைங்க. குழந்தைங்க உள்ளே போய் மாட்டிக்கக்கூடாது.

செந்தில், தஞ்சாவூர்: காயலான் கடையில நல்ல விலை சொல்றாங்க. குடுத்துடவா?

சுமதி மேடத்துக்குச் சொன்னதைப் படிங்க. கேஸை எடுக்காம யார் கையிலயும் குடுக்காதீங்க.

விஜயா, நாகர்கோவில்: எங்க ஏசி இன்னும் ஓடுது. வேற யாருக்காவது சும்மா குடுத்தா?

ஓடற ஏசியைக் குடுக்கலாம். ஆனா பழைய ஒன்றரை டன் ஓடும்போது 1.7 கிலோவாட்டுக்கு மேல இழுக்கும், வாங்கறவங்க கரண்ட் பில்லைத் தாங்குவாங்களான்னு யோசிங்க. குடுத்தா தகட்டுப் போட்டோவையும் சேர்த்து அனுப்புங்க. கடைசியா அதைக் கழிக்கப் போறது அவங்கதான்.