பதினைந்து வயது ரக்பி லீக் வீரனுக்கு ஏஜென்ட் தேவையா?

கேள்வி: நாங்கள் சிட்னியில் டூங்காபியில் வசிக்கிறோம். எங்கள் 15 வயது மகன் உள்ளூர் ரக்பி லீக் அணியில் ஆடுகிறான். தன்னை வீரர்களின் மேனேஜர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் போட்டியான என்.ஆர்.எல். வரை அவனைக் கொண்டுசெல்வதாகக் கூறி மூன்று ஆண்டு ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். இங்கிலாந்தின் சூப்பர் லீக் கிளப் ஒன்றின் தேர்வு முகாமுக்கு அழைத்துச் செல்ல 4,500 டாலர் கேட்டார். முன்பணமாக 500 டாலர் வங்கி அட்டை மூலம் கட்டிவிட்டோம். கையெழுத்துப் போடலாமா? தலைக்காயங்களைப் பற்றியும் பணநெருக்கடியைப் பற்றியும் வரும் செய்திகளைப் பார்த்துவிட்டு, இந்த விளையாட்டு இன்னும் பத்தாண்டு தாக்குப்பிடிக்குமா என்று என் கணவர் கேட்கிறார்.

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மீதிப் பணத்தையும் கட்டாதீர்கள். காரணங்களைப் பிறகு சொல்கிறேன். உங்களுக்குக் கெடு வைத்திருந்தால் முதலில் இந்த இரண்டையும் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் வீரர்களுக்காகப் பேரம் பேசும் ஏஜென்ட்டுகள் முறையான அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல் இணையத்தில் எவரும் பார்க்கக் கிடைக்கிறது. அதில் தேட வேண்டியது நிறுவனத்தின் பெயரை அல்ல, உங்கள் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்த அந்த மனிதரின் பெயரை. ஏனென்றால் அங்கீகாரம் உள்ள ஒருவரின் முகவரி அட்டையை வைத்துக்கொண்டு அங்கீகாரம் இல்லாத நான்கு பேர் மைதானம் மைதானமாகச் சுற்றுவது இந்தத் தொழிலில் புதிதல்ல. இவர்கள் தங்களை ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்ளவே மாட்டார்கள். திறமை தேடுபவர், வழிகாட்டி, மேனேஜர் என்று ஏதாவது ஒரு பட்டம் வைத்துக்கொள்வார்கள். அங்கீகாரம் பெற்றவர் தவறு செய்தால் அதைப் பறிக்கலாம். பெறாதவரிடம் பறிக்க என்ன இருக்கிறது? விதிகள் நேர்மையானவனைக் கட்டுகின்றன, மற்றவனை வெளியே விட்டுவிடுகின்றன. இந்த ஓட்டையை அடைக்க நிர்வாகத்துக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் போதவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்தது பணம். முறையான ஏஜென்ட், வீரர் சம்பாதிக்கத் தொடங்கிய பின் அந்த ஊதியத்தில் ஒரு விழுக்காட்டைப் பெறுவார். கல்யாணத் தரகர்கூட முகூர்த்தம் குறித்த பிறகுதான் கூலி கேட்பார். இவர் பெண் பார்க்கும் முன்பே கேட்கிறார். வேலைக்குப் போகாத நாளின் கூலியை ஆட்டக்காரனுக்கு ஈடுகட்ட வேண்டும் என்ற கோரிக்கைக்காக, 1895ஆம் ஆண்டு ஹடர்ஸ்ஃபீல்டில் கூடி, பழைய ரக்பியிலிருந்து வட இங்கிலாந்தின் கிளப்புகள் பிரிந்ததால் பிறந்த ஆட்டம் இது. அப்படிப் பிறந்த ஆட்டத்தில், பிள்ளையைப் பார்வைக்கு வைப்பதற்கே பெற்றோர் பணம் கட்டும் நிலை வந்திருக்கிறது.

இங்கிலாந்துப் பயணத்தைப் பொறுத்தவரை, அங்கே தொழில்முறை வீரராகச் செல்வதற்கான விசா 16 வயது நிறைந்தவர்களுக்கே கிடைக்கும். விளையாட்டு நிர்வாக அமைப்பின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். ஆகவே உங்கள் மகன் அங்கே எவ்வளவு நன்றாக ஆடினாலும், அந்தப் பயணத்தின் முடிவில் எந்தக் கிளப்பும் அவனைப் பணியில் சேர்த்துக்கொள்ள இயலாது. தவிர, ஒரு சூப்பர் லீக் கிளப் தன் வீரர்களுக்கு மொத்தமாகத் தரக்கூடிய ஊதிய உச்சவரம்பு என்.ஆர்.எல். கிளப்பினுடையதில் பாதியைக்கூட எட்டாது. 2020இல் சூப்பர் லீக்கில் ஆடிய கனடாவின் டொராண்டோ அணி பருவத்தின் நடுவே விலகியபோது வீரர்கள் சம்பள பாக்கியோடு நின்றார்கள். 2025இல் சால்ஃபோர்ட் கிளப்பில் சம்பளம் உரிய நாளில் வராமல் பலர் வேறு கிளப்புகளுக்குச் சென்றார்கள். இந்த நிலையிலும் 2026 முதல் சூப்பர் லீக்கில் அணிகளின் எண்ணிக்கையை 12இலிருந்து 14ஆக உயர்த்த முடிவெடுத்தார்கள். இருப்பவர்களுக்கே சோறு போதாத வீட்டில் இன்னும் இரண்டு இலை போட்டிருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் இந்த விளையாட்டு பத்தாண்டு தாக்குப்பிடிக்கும். என்.ஆர்.எல். அமைப்பின் ஆண்டு வருவாய் 70 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 2023இல் டால்ஃபின்ஸ் அணி சேர்ந்ததோடு அணிகள் 17 ஆயின. 2027இல் பெர்த் பேர்ஸ் அணியும், அதற்கடுத்த ஆண்டு பப்புவா நியூ கினியா அணியும் சேர்வதாக அறிவிக்கப்பட்டுள்ளது; பின்னதற்கும் பசிபிக் பகுதியில் ஆட்டத்தை வளர்ப்பதற்குமாக ஆஸ்திரேலிய அரசு பத்தாண்டுகளில் 60 கோடி டாலர் தருகிறது. தற்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2027 முடிவு வரை உள்ளது.

விளையாட்டு நிலைக்கும் என்பதால் உங்கள் மகனின் பிழைப்பும் நிலைத்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கிளப்பின் முதன்மைக் குழுவில் 30 பேர். இன்றைய 17 அணிகளுக்கு 510 இடங்கள். இரண்டு அணிகள் கூடினால் 570. நாடு முழுவதிலிருந்தும், நியூசிலாந்திலிருந்தும், பசிபிக் தீவுகளிலிருந்தும் பையன்கள் முட்டி மோதுவது இந்த இடங்களுக்காகத்தான். புதிய அணிகள் வருகின்றன, வாய்ப்பு பெருகுகிறது என்று உங்களிடம் ஒருவர் சொன்னால், பெருகுவது அறுபதே இடங்கள் என்று நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள்.

ஹெரால்ட் மாத்யூஸ் கோப்பைக்கான 17 வயதுக்கு உட்பட்டோர் அணியிலோ, அதற்கு மேல் 19 வயதுக்கு உட்பட்டோருக்கான எஸ்.ஜி. பால் கோப்பை அணியிலோ இடம்பெற ஏஜென்ட் தேவையில்லை. கிளப்புகளே தேர்வு நடத்துகின்றன. பயிற்சியாளர்கள் உள்ளூர் ஆட்டங்களைத் தாங்களாகவே வந்து பார்க்கிறார்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள் என்றதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு; அதைக் கவனமாகப் படியுங்கள். இடைத்தரகர் எவரும் இல்லாமல் கிளப்பே நேரடியாக உங்களிடம் ஒரு தாளை நீட்டலாம்: பயிற்சி, உடற்பயிற்சிக்கூடம், சில வேளைகளில் பள்ளிச் செலவு ஆகியவற்றைத் தருவதாகவும், பதிலுக்குப் பையன் தங்கள் இளையோர் அணியில் ஆட வேண்டும் என்றும் அதில் இருக்கும். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படியே ஏற்கவும் வேண்டியதில்லை. காலத்தை நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு மட்டும் இருக்கிறதா, உங்களுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். கிளப்புக்கு மட்டும் இருந்தால் ஓராண்டு என்று எழுதியிருப்பது உண்மையில் மூன்றாண்டாகவும் ஆகலாம். காயம்பட்டால் பள்ளிச் செலவு தொடருமா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன பயிற்சியாளர் அடுத்த ஆண்டு வேறு கிளப்பில் இருப்பார். வேறு ஊரில் தங்க வேண்டுமென்றால், அந்த வீட்டில் பொறுப்பேற்பவர் யார் என்று பெயரோடு கேளுங்கள். தன் சொந்தத் தாளில் எழுதிக்கொண்டு வரும் தரகருக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது. கிளப்பின் சார்பில் வருகிறேன் என்று அவர் சொன்னாலும் பொருந்தாது. கிளப்பின் சின்னம் அச்சிட்ட சட்டை அணிந்திருந்தாலும் பொருந்தாது. சந்தேகமிருந்தால் கிளப்பின் அலுவலகத்துக்கு நீங்களே தொலைபேசியில் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உங்கள் ஒப்பந்தத்தில் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் பிரிவு இருக்கிறதா, 18 வயதுக்குப் பிறகும் அவனைக் கட்டுகிறதா, காலணி முதல் பயணம் வரை அவர் செய்த செலவைக் கடனாக எழுதிக்கொள்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி, சிறுவன் செய்த ஒப்பந்தம் அவனுக்கு நன்மையாக இருந்தால் அவனைக் கட்டுப்படுத்தும். மைனர் கையெழுத்து செல்லாது என்ற நம்பிக்கையில் போட்டுவிடாதீர்கள். தரகரே பரிந்துரைக்கும் வழக்கறிஞரிடம் போகவும் வேண்டாம்.

தலைக்காயம் குறித்த அச்சம் நியாயமானது. 2015இல் நார்த் குயின்ஸ்லாந்து அணி என்.ஆர்.எல். கோப்பை வென்றபோது அதன் பயிற்சியாளராக இருந்த முன்னாள் வீரர் பால் கிரீன் 2022இல் காலமான பின், அவரது மூளையில், தலையில் திரும்பத் திரும்பப் படும் அடிகளோடு தொடர்புடைய சிடிஇ என்னும் சிதைவு நோய் இருந்தது தெரியவந்தது. ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலின்படி, தலையில் அதிர்ச்சி ஏற்பட்ட இளையோர், அறிகுறிகள் முற்றிலும் நீங்கி 14 நாட்கள் ஆன பிறகே மோதலுள்ள பயிற்சிக்குத் திரும்பலாம். போட்டிக்கு அடி விழுந்ததிலிருந்து 21 நாட்களாவது ஆக வேண்டும். தேர்வுக் காலத்தில் மூன்று வாரம் வெளியே உட்கார்ந்தால் இடம் போய்விடும் என்பதால் அடியை மறைக்கச் சொல்லும் தரகர்களும், கண்டும் காணாமல் இருக்கும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். அந்த ஆலோசனையை ஒருமுறை கேட்டாலும் அந்த மனிதரோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

கட்டிய 500 டாலரைத் திருப்பித் தருமாறு மின்னஞ்சலில் எழுதுங்கள்; தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவர் அழைத்தால் மறுத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் வராவிட்டால், நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங் அலுவலகத்தில் இலவசமாகப் புகார் பதிவுசெய்யலாம். அட்டையில் கட்டியதால் உங்கள் வங்கியிடமும் அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்து முறையிடலாம். அதற்குக் காலவரம்பு உண்டு என்பதால் வங்கிக்கு இந்த வாரமே எழுதிவிடுங்கள்.